மாமூலை எந்தத் தலைப்பில் எழுதினாலும் மாமூல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் சங்ககிரி வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அவர் 12 லாரி வைத்து ஓட்டுகிறார். ஓவர்லோடுக்குக் கட்டிய அபராதம், வழியில் கொடுத்த மாமூல், சரக்கு தாமதமாகப் போனதற்காக மில்காரர் வாடகையில் பிடித்துக்கொண்ட தொகை, இந்த மூன்றையும் வருமான வரியில் செலவாகக் காட்டலாமா என்று கேட்டிருந்தார். "அபராதம், லஞ்சம் எதுவும் கழியாது" என்று பதில் போட்டிருந்தீர்கள். முதல் இரண்டுக்கும் அது சரி. மூன்றாவதற்குத் தப்பு. அந்தத் தப்பால் அவர் கட்ட வேண்டாத வரியைக் கட்டிவிடக்கூடும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால் இரண்டு விதத் தப்பும் ஒரே பேரேட்டில் குடியிருக்கும். பில்லில் 'பெனால்டி' என்ற சொல் இருந்துவிட்டாலே கணக்குப்பிள்ளை பயந்துபோய் அதை வருமானத்தோடு கூட்டிவிடுகிறார். மாமூல் என்ற சொல்லை யாரும் எழுதுவதில்லை. அதனால் அது டீ செலவு, ஏற்றுக்கூலி, கோயில் நன்கொடை என்று வேஷம் கட்டிக்கொண்டு கழிந்துவிடுகிறது. கழிக்கக்கூடியதை விட்டுக்கொடுத்துவிட்டு, கூடாததைக் கழிக்கிறோம்.

முதலில் சட்டம். தொழிலுக்காகவே செய்த செலவு கழியும் என்பது 1961 வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு. 1998-இல் இதற்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். குற்றமான ஒரு காரியத்துக்கோ, சட்டம் தடுத்த காரியத்துக்கோ செய்த செலவைத் தொழிலுக்கான செலவாகவே கருதக் கூடாது என்பது அதன் சாரம். 1998-இல் கொண்டுவந்தாலும் 1962 ஏப்ரல் 1 முதலே இருந்ததுபோல் பின்தேதியிட்டு அமலாக்கினார்கள். லஞ்சம், மிரட்டிப் பறிக்கும் பணம், பாதுகாப்புப் பணம், ஹஃப்தா என்று அப்போதைய அரசு விளக்கக் குறிப்பே பெயர் சொல்லி எழுதியது. நம் ஊர் மாமூலும் ஹஃப்தாவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தானே.

அதற்கு முந்தைய வழக்குகள் வேடிக்கையானவை. ஒரு பேரீச்சம்பழ வியாபாரி ஈராக்கிலிருந்து சரக்கு கொண்டுவந்தார். அந்த நேரத்து விதிப்படி நாட்டுப் படகில் கொண்டுவரலாம், நீராவிக் கப்பலில் கூடாது. கப்பலில் வந்த சரக்கைச் சுங்கத்துறை பிடித்தது. அபராதம் கட்டி மீட்ட வியாபாரி, அந்தத் தொகையைச் செலவாகக் கேட்டார். 1960-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டத்தை மீறுவது வியாபாரத்தின் ஓர் அங்கம் ஆகாது என்பது காரணம். ஆனால் 1980-இல் பியாரா சிங் வழக்கில், பாகிஸ்தானுக்குப் பணம் கொண்டுபோய்த் தங்கம் வாங்கிக் கடத்த முயன்று எல்லையில் பிடிபட்டவருக்கு, பறிமுதலான 65,500 ரூபாயை அதே நீதிமன்றம் நஷ்டமாக அனுமதித்தது. அவருடைய தொழிலே கடத்தல், பிடிபடுவது அந்தத் தொழிலில் உள்ள அபாயம் என்றது. ஒழுங்கான வியாபாரிக்கு இல்லை, கடத்தல்காரருக்கு உண்டு! செலவு வேறு, நஷ்டம் வேறு என்ற இந்தச் சந்து வெகுகாலம் திறந்தே கிடந்தது. 2023 ஏப்ரலில் பிரகாஷ் சந்த் லூனியா வழக்கில்தான் அது பெரும்பாலும் அடைபட்டது. அவர் வெள்ளி வியாபாரி. கடத்தல் வெள்ளிக் கட்டிகள் பறிமுதலானதில் வந்த நஷ்டத்தைக் கேட்டார், கிடைக்கவில்லை. அந்த அமர்வில் இருந்த நீதிபதி எம்.எம். சுந்தரேஷ் ஈரோட்டில் பிறந்தவர். 37-ஆம் பிரிவில் 'செலவு' என்ற சொல்லுக்குள் தொழிலில் வரும் நஷ்டமும் அடங்கும் என்று தனியாக எழுதினார். 'இது செலவு இல்லீங்க, நஷ்டம்' என்று வாதாட நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

2022-இல் இன்னொரு விளக்கம் வந்தது. நம் பகுதிக்கு அதுதான் முக்கியம். தடுக்கப்பட்ட காரியம் என்பது இந்தியச் சட்டத்தை மட்டும் குறிக்காது, வெளிநாட்டுச் சட்டத்தையும் சேர்த்துத்தான் என்றார்கள். வாங்குகிறவரின் நடத்தை விதி எதை வாங்கக் கூடாது என்கிறதோ, அதைக் கொடுத்தவருக்கும் கழியாது என்றார்கள். குற்றத்தை இணக்கமாக முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை, அதாவது காம்பவுண்டிங் கட்டணமும் கழியாது என்று எழுதினார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் சட்டம், வணிகப் போட்டிச் சட்டம் போன்றவற்றின்கீழ் வழக்கை சமரசமாக முடிக்கக் கட்டுவதும் பிறகு இதே வரிசையில் சேர்ந்துவிட்டது.

இப்போது லாரிக்கு வருவோம். ஒரு டிரிப் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். மேலே டீசல் லிட்டர், பங்க் பெயர். அடுத்து டோல். பிறகு டிரைவர் பேட்டா, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், எடை மேடை, தார்ப்பாய்க் கயிறு. இவற்றுக்கு நடுவில் 'ஆர்டிஓ 500', 'பிசி 200' (போலீஸ்காரருக்கு), 'பார்டர் 300' என்று சில்லறை சில்லறையாக இருக்கும். டிரைவர் ஒளிக்காமல்தான் எழுதுகிறார். ஓனரிடம் பைசா சுத்தமாகக் கணக்கு ஒப்பிக்க வேண்டுமே. சீட்டு ஆபீசுக்கு வந்ததும் கணக்குப்பிள்ளை அந்த மூன்றையும் கூட்டி 'வழிச்செலவு 1,000' என்று டாலி கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறார். அசல் சீட்டு வருஷவாரியாக அட்டைப்பெட்டிக்குள் போகிறது. சர்வேக்கு வரும் வருமான வரி அதிகாரி டாலியைத் திறப்பதற்கு முன் கேட்பது அந்தப் பெட்டியைத்தான். சீட்டில் ஒன்று, டாலியில் ஒன்று என்று இருந்தால் அவர் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

தொகை சின்னதுதானே என்று நினைக்கத் தோன்றும். 12 லாரி, மாதம் 8 டிரிப், டிரிப்புக்கு 1,000 ரூபாய் என்று வையுங்கள். வருஷத்துக்கு 11,52,000 ரூபாய். பங்குதாரர் நிறுவனத்துக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம் என்றால், இதைக் கழிக்காமல் விட்டால் கூடுதல் வரி 3,59,424 ரூபாய். கழித்து மாட்டிக்கொண்டு, அது தவறான தகவல் என்று முடிவானால் 270ஏ பிரிவில் வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம், 7,18,848 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 10,78,272. வட்டி தனி. ரோட்டில் கொடுத்த மாமூலை அப்படியே இன்னொரு தடவை அரசாங்கத்துக்கும் கொடுத்த கணக்குதான். புத்தகத்தில் பொய்ப் பதிவு எழுதியதற்கு 271ஏஏடி பிரிவையும் எடுத்தால், பதிவு எவ்வளவோ அவ்வளவும் அபராதம். அப்போது மூன்றாவது தடவை.

அப்படியானால் புத்தகத்திலேயே எழுதாமல் விட்டால்? அது இன்னும் மோசம். கணக்குக்கு வெளியே கொடுத்தது டைரியிலோ வாட்ஸ்அப்பிலோ கிடைத்து, பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாவிட்டால், அந்தச் செலவை வருமானமாகவே எடுத்துக்கொள்ளும் 69சி பிரிவு வரும். 1961 சட்டப்படி அதற்கு வரி 60 சதவீதம், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 78 சதவீதம். அந்தத் தொகையைச் செலவாகக் கேட்கவும் வழியில்லை.

ஓவர்லோடு அபராதம் நேரடியான விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும். மூன்று டன் கூடுதல் என்றால் 26,000. ஸ்பாட்டிலேயே கட்டி முடித்தால் அதுவே காம்பவுண்டிங். கழியாது. அதன்மேல் வரி 8,112 ரூபாய் கையிலிருந்துதான் போக வேண்டும். ஆனால் அதிகப்படிச் சரக்கை இறக்கிவைக்க ஆட்களுக்குக் கொடுத்த கூலியை இதோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். அது சாதாரணக் கூலி, தனி வவுச்சர் போட்டால் கழியும் என்பதே எங்கள் கருத்து. 10 லாரிக்குள் வைத்துக்கொண்டு 44ஏஈ பிரிவில், 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற உத்தேச வருமானம் காட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே பங்குதாரர் சம்பளம், வட்டி தவிர வேறு செலவு எதையும் தனியாகக் கேட்பதே கிடையாது. சங்ககிரி வாசகருக்கு 12 லாரி இருப்பதால் அந்த வழி மூடியிருக்கிறது.

மாமூல் ரவுடிக்குப் போனாலும் இதே கதிதான். சினிமா தியேட்டர் பக்கம் வராமல் இருக்க ரவுடிகளுக்கும் போலீசுக்கும் கொடுத்ததைச் செலவாகக் கேட்ட வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2010-இல் மறுத்தது. அரசுக்கு முறையாகக் கட்டணம் கட்டிப் போலீஸ் பாதுகாப்பு வாங்கினால் கழியும், கையில் கொடுத்தால் லஞ்சம் என்று பிரித்துச் சொன்னது. இதற்கு நேர்மாறாக மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பீடி இலை கொள்முதலுக்குப் போன கம்பெனி டைரக்டரைக் கொள்ளையர்கள் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். அவரை மீட்கக் கொடுத்த 5.5 லட்சம் ரூபாயை நீதிமன்றம் செலவாக ஏற்றது. கடத்துவது குற்றம், உயிரைக் காப்பாற்றப் பணம் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றது. யாருடைய செயல் குற்றம் என்று பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பது 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கட்டாயத்தின்பேரில் கொடுத்தேன் என்பவர் 7 நாளுக்குள் காவல்துறையிலோ விசாரணை அமைப்பிலோ புகார் செய்திருக்க வேண்டும். வருஷக் கடைசியில் ஆடிட்டரிடம் வந்து 'கட்டாயப்படுத்தினாங்க' என்பது எந்தச் சட்டத்திலும் செல்லாது.

திருப்பூர் விஷயத்தில்தான் தங்கள் ஒருவரிப் பதில் அதிகம் கெடுதல் செய்யும். பனியன் ஏற்றுமதியில் பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொகையைப் பிடித்துக்கொண்டு அனுப்பும் டெபிட் நோட்டுகளில் பாதிக்குமேல் 'பெனால்டி' என்றே தலைப்பு இருக்கும். தாமத ஷிப்மென்டுக்கு இத்தனை சதவீதம், பார்கோடு ஸ்டிக்கர் மாறியதற்கு பெட்டிக்கு இவ்வளவு, அளவு அட்டவணைப்படி தைக்காததற்குத் தள்ளுபடி. இவை ஒப்பந்தத்தை மீறியதால் வந்தவை. எந்த நாட்டுச் சட்டத்தையும் மீறியதால் வந்தவை அல்ல. வியாபாரத்தில் இயல்பாக வரும் இழப்பு, கழியும். கப்பலில் போக வேண்டியது நேரமாகிவிட்டதால் விமானத்தில் ஏற்றிய கூடுதல் சரக்குக் கட்டணமும் கழியும். இதற்கு பர்ச்சேஸ் ஆர்டரில் அந்த நிபந்தனை இருக்கும் பக்கம், தாமதம் பற்றிய மின்னஞ்சல், டெபிட் நோட்டு, வங்கியில் குறைத்து வரவு வைத்ததற்கான ஆவணம் ஆகிய நான்கையும் ஒரே ஃபைலில் கோத்து வைத்தால் போதும். பல இடத்தில் கடைசி ஒன்று மட்டும்தான் இருக்கிறது, மற்றவை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய லேப்டாப்போடு போய்விடுகின்றன.

அதே கம்பெனியில் இன்னொரு பதிவும் இருக்கும். 'ஓவர்சீஸ் கமிஷன்'. உண்மையான ஏஜென்டுக்குப் போகிற கமிஷனில் வம்பில்லை. ஒப்பந்தம், அவர் பிடித்துக்கொடுத்த ஆர்டர், கடிதப் போக்குவரத்து இருந்தால் அது கழியும். ஆனால் லண்டனில் உள்ள பையர் கம்பெனியின் கொள்முதல் ஊழியருக்கு அவருடைய உறவினர் பெயரில் போகிற 2 சதவீதம் வேறு கதை. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் தனியார் கம்பெனிகளுக்கு இடையிலான லஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. நம் ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியரைப் பற்றியது என்பதால் முன்பு இங்கே வாதாட இடம் இருந்தது. 'வெளிநாட்டுச் சட்டமும்' என்று 2022-இல் எழுதிய பிறகு அந்த இடம் போய்விட்டது. வெளிநாட்டு பையருக்காக இங்கே கொள்முதலைக் கவனிக்கும் உள்ளூர் பையிங் ஹவுஸ் ஊழியருக்குக் கொடுப்பது கழியுமா என்பதில் இரண்டு பக்கமும் பேசலாம். அவருடைய கம்பெனியின் நடத்தை விதியைச் சட்டம் சொல்லும் 'வழிகாட்டுதல்' என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதில்தான் அது தொங்குகிறது. நாங்கள் ஆலோசனை சொல்வதானால், கழிக்காதீர்கள் என்றே சொல்வோம்.

சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது புதிதல்ல. நொய்யலில் கழிவுநீர் விட்டதற்காக லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை நீதிமன்றம் விதித்த அபராதத்தையும், 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்ன உத்தரவையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வரிக் கணக்கில் இங்கே மூன்று விதமான தொகைகள் கலந்துவிடுகின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் மாதப் பங்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவுக் கட்டணம் போன்றவை கழியும், சந்தேகமே இல்லை. சட்டத்தை மீறியதற்காக அபராதம் என்றே விதித்தது கழியாது. நடுவில் நிற்பது 'சுற்றுச்சூழல் இழப்பீடு'. மாசுபடுத்தியவர் சரிசெய்யும் செலவைத் தர வேண்டும் என்ற கொள்கைப்படி வாங்குவது இழப்பீடுதான், தண்டனை அல்ல என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு கம்பெனிக்கு அனுமதித்திருக்கிறது. வரித்துறை சும்மா விடாது, எதிர்த்து வாதாடும். எனவே உத்தரவில் எந்தப் பிரிவு, எந்தச் சொல், எதைக் கணக்கிட்டுத் தொகை வந்தது என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒரே உத்தரவில் இழப்பீடும் தண்டனையும் கலந்திருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1993-இலேயே பிரகாஷ் காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிக்காமல் மொத்தமாகச் சேர்த்தாலும் தப்பு, மொத்தமாகக் கழித்தாலும் தப்பு.

சுத்திகரிப்புச் சேற்றை ராத்திரியில் டிராக்டரில் ஏற்றிப் பாழும் கிணற்றில் கொட்ட ஆள் வைத்துவிட்டு, அதை 'போக்குவரத்து வாடகை' என்று எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிராக்டர்காரருக்கு வாடகை கொடுப்பது தவறில்லை. எதற்காக அந்த வாடகை என்பதுதான் சட்டத்தின் கேள்வி. நோக்கமே தடுக்கப்பட்டது என்பதால் ஒழுங்கான ரசீதும் வங்கிப் பரிமாற்றமும் இருந்தாலும் கழியாது. அந்த ரசீது வரித்துறைக்கு மட்டுமல்ல, வாரியத்துக்கும் உங்களுக்கு எதிரான சாட்சி.

கோவை மருத்துவ ஊர் என்பதால் அதைப் பற்றியும் சுருக்கமாக. மருந்துக் கம்பெனி டாக்டருக்குத் தங்கக் காசு, ஃபிரிட்ஜ், லேப்டாப் கொடுத்ததைக் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரி 22-இல் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. வாங்கக் கூடாது என்ற விதி டாக்டருக்குத்தானே, எங்களுக்கு என்ன என்ற வாதம் அதோடு போயிற்று. ஸ்கேன் சென்டர்கள் நோயாளியை அனுப்பிய டாக்டருக்குக் கொடுக்கும் ரெஃபரல் கமிஷனை பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அதற்கும் முன்பே மறுத்திருக்கிறது. சில சென்டர்கள் 'டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்துத்தானே கொடுக்கிறோம்' என்கின்றன. வரி பிடித்தது பிடித்ததுதான். அதனால் கொடுத்தது சட்டபூர்வமாகிவிடாது.

வட்டி, அபராதம் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்புவது எல்லாத் தொழிலிலும் உண்டு. ஜிஎஸ்டி தாமதத்துக்குக் கட்டும் 18 சதவீத வட்டி அரசின் பணத்தை வைத்திருந்ததற்கான ஈடு, கழியும். பிஎஃப் தாமதத்துக்கு 7க்யூ பிரிவில் வரும் 12 சதவீத வட்டியும் அந்த வகைதான். மின்வாரிய பில்லில் பவர் ஃபேக்டர் (மின்சாரத்தைப் பயன்படுத்தும் திறன் விகிதம்) குறைந்ததற்கும் அனுமதித்த டிமாண்டை (மின்தேவை அளவை) தாண்டியதற்கும் போடுவது கட்டண விகிதத்தின் பகுதி. ஸ்பின்னிங் மில்கள் அதைப் பெனால்டி என்று விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் எல்லா வட்டியும் கழியும் என்றும் இறங்கிவிடக் கூடாது. வருமான வரி மேல் வரும் வட்டி கழியாது. டிடிஎஸ் பிடித்துத் தாமதமாகக் கட்டியதன் வட்டியும் கழியாது என்பது சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, நம்மைக் கட்டுப்படுத்துவது. சிறுதொழில்காரருக்குப் பணம் தாமதமானால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி தர வேண்டும். அந்த வட்டி வருமான வரியில் கழியாது என்று சிறுதொழில் சட்டத்தின் 23-ஆம் பிரிவே எழுதிவைத்திருக்கிறது. இதை வருமான வரிச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. அதனால்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

வழியில் மடக்கிய நூல் லோடையும் சொல்ல வேண்டும். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான ஈ-வே பில்லில் கோளாறு, சரக்கு மதிப்பு 4 லட்சம், 5 சதவீதப்படி வரி 20,000 ரூபாய் என்றால், உரிமையாளர் முன்வந்து சரக்கை எடுக்க ஜிஎஸ்டி 129-ஆம் பிரிவில் வரியைப்போல் இரண்டு மடங்கு, 40,000 ரூபாய் அபராதம். இது கழியாது. வருமான வரியாக இன்னும் 12,480 போகும். மேல்முறையீட்டில் ஜெயித்துப் பணம் திரும்பி வந்தால் அதை வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை. கழிக்காத தொகைதானே திரும்பி வருகிறது. இந்தத் தொடர்பை மறந்து, கட்டும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை வரி கட்டியவர்கள் உண்டு. கட்டிய வருஷத்து வருமானக் கணிப்புத் தாளின் நகலை ரீஃபண்ட் வரும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

இனி புத்தகத்தில் எப்படி எழுதுவது. கழியாதது என்று தெரிந்தால் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி 'சட்ட அபராதம், கழியாதது' என்று தனிப் பேரேடு போட்டு எழுதுங்கள். லாப நஷ்டக் கணக்கில் செலவாகவே வரட்டும். வரிக்கான வருமானக் கணிப்பில் மட்டும் அந்தத் தொகையை லாபத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். ஆடிட் செய்யும் கணக்குகளில், வரி ஆடிட் அறிக்கையான 3சிடி படிவத்தின் 21-ஆம் பிரிவில் அபராதம், காம்பவுண்டிங், தடுக்கப்பட்ட காரியத்துக்கான செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எனவே எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் கொட்டாமல் உத்தரவு வாரியாகப் பிரித்து வைத்தால் செப்டம்பரில் அலைய வேண்டாம். ஒப்பந்த இழப்பீட்டுக்கு வேறு பேரேடு போடுங்கள், பெயரில் பெனால்டி என்ற சொல்லே வேண்டாம். 'வாடிக்கையாளர் பிடித்தம்' என்று எழுதலாம். வாங்கியவர் ரசீது இல்லாமல் நாமே எழுதிக்கொள்ளும் செல்ஃப் வவுச்சரில் மாதாமாதம் ஒரே தேதியில் 9,500, 9,800 என்று முழுத் தொகையாக வருவதை எந்த அதிகாரியும் கண்டுபிடித்துவிடுவார். ஒருவருக்கு ஒருநாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் 40ஏ(3) பிரிவில் கழியாது என்பதற்காகத் துண்டு போடுகிறோம் என்பது அந்த எண்ணிலேயே எழுதியிருக்கிறது. லாரி வாடகைக்கு மட்டும் இந்த வரம்பு 35,000.

தீபாவளிப் பெட்டி பற்றியும் ஒரு சொல். வாடிக்கையாளருக்கும் ஏஜென்டுக்கும் கொடுப்பது விற்பனை வளர்ச்சிச் செலவு. ஒருவருக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 194ஆர் பிரிவில் 10 சதவீதம் வரி பிடித்தம் பார்க்க வேண்டும். அரசு அலுவலகங்களுக்குப் போகும் பெட்டி அந்த லிஸ்ட்டிலேயே இருக்கக் கூடாது. அவர்களுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. அதை மீறி அவர் வாங்கினால் உங்களுக்குக் கழியாது. பல கம்பெனிகளில் ஒரே எக்செல் தாளில் இரண்டு தரப்பும் வரிசையாக, பதவிப் பெயரோடு இருப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது, பழைய தடை போய்விட்டது என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். போகவில்லை. 37 என்ற எண் 34 ஆகியிருக்கிறது, தடை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 2025-26 வரையிலான கணக்குகளுக்குப் பழைய சட்டமும் பழைய எண்களுமே பொருந்தும்.

சங்ககிரி வாசகருக்குத் தங்கள் பக்கத்தில் திருத்தம் வெளியிடுவதானால் இப்படிப் போடலாம். ஓவர்லோடு அபராதத்தைப் புத்தகத்தில் எழுதி, கணிப்பில் திரும்பச் சேர்க்கவும். டிரிப் ஷீட்டில் உள்ள மாமூலையும் அதேபோல் உள்ளபடி காட்டிச் சேர்க்கவும், வழிச்செலவோடு கலக்க வேண்டாம். மில் பிடித்துக்கொண்ட தாமதத் தொகையை, வாடகை ஒப்பந்தத்தின் நகலும் மில்லின் பிடித்தக் குறிப்பும் இருந்தால் முழுவதும் செலவாக எடுத்துக்கொள்ளவும். அந்தக் குறிப்பை மில் இதுவரை எழுத்தில் தரவில்லை என்றால், ஆடிட்டர் கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்கிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர்கள் சிலர்,
ஈரோடு.